புதிதாக ஸ்கூபா கற்பவர்கள் எதை முதலில் வாங்க வேண்டும்? (பெங்களூரு)

ஒயிட்ஃபீல்டு வாசி | செவ்வாய், இரவு 10.15

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கரூர், வேலை பெங்களூரில். போன டிசம்பரில் அலுவலக நண்பர்களோடு கர்நாடகக் கடற்கரையில் இருக்கும் முருதேஷ்வர் போய், நேத்ராணித் தீவில் ஒரு முறை ஸ்கூபா (சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவது) செய்து பார்த்தேன். பயிற்சியாளர் பின்னால் பிடித்துக்கொண்டே கூட்டிப்போகும் அறிமுக டைவ்தான். எட்டு மீட்டர் ஆழம்கூட இருந்திருக்காது. ஆனால் திரும்பி வந்ததிலிருந்து வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. வரும் ஜனவரியில் நானும் மனைவியும் அந்தமானின் ஹேவ்லாக்கில், அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீவில், ஓப்பன் வாட்டர் எனும் முதல் நிலைச் சான்றிதழ் படிப்பை முடிப்பதாக இருக்கிறோம். பாடமும் நீச்சல்குளப் பயிற்சியும் இங்கேயே, கடல் டைவ் நான்கும் அங்கே.

இணையத்தில் மாஸ்க், ஸ்நார்கல் (வாயில் வைக்கும் மூச்சுக்குழாய்), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) மூன்றையும் ஒரு பையில் போட்டு ‘செட்’ என்று விற்கிறார்கள். அதையே இரண்டு வாங்கிவிடலாமா? இன்னொரு பக்கம், எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் ஒருவர் ஊரைவிட்டுப் போகிறார். பழைய பி.சி.டி.யும் (காற்று ஏற்றி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் மேலங்கி) ரெகுலேட்டரும் (சிலிண்டரிலிருந்து மூச்சிழுக்க வாயில் வைப்பது) சேர்த்து 35,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார்.

நேத்ராணியில் என் மாஸ்க்கில் இடது பக்கம் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மூக்கில் உப்பு ஏறி, பாதி நேரம் மீனைப் பார்க்காமல் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மீசை உண்டு. இரண்டு கண்ணிலும் மைனஸ் 3.5 பவர். மனைவிக்குப் பவர் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து 40,000 வரை செலவு செய்யலாம். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

முரல்மீன் | செவ்வாய், இரவு 11.02

வாழ்த்துகள். செட் வேண்டாம், பழைய பி.சி.டி.யும் இப்போதைக்கு வேண்டாம். முதல் காசு மாஸ்க்குக்கு. அதுவும் ஆளுக்கொன்று, அவரவர் முகத்தில் வைத்துப் பார்த்து.

செட் ஏன் வேண்டாம் என்றால், அதில் மூன்று பொருளையும் ஒரே விலைக்குள் அடக்க வேண்டியிருக்கும். பல செட்டுகள் நீர்மட்டத்தில் மிதந்துகொண்டு பார்ப்பதற்கானவை. மாஸ்க்கில் சிலிக்கானுக்குப் பதில் பி.வி.சி. விளிம்பு, டெம்பர்டு கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு என்று இருக்கும். நல்ல டைவிங் மாஸ்க்கில் கண்ணாடியின் ஓரத்திலேயே ‘டெம்பர்டு’ என்று பொறித்திருப்பார்கள். உடைந்தாலும் கத்தி மாதிரி கீறாமல் சிறு துண்டுகளாக உதிரும் கண்ணாடி அது. மூக்கையும் சேர்த்து மூடியிருக்க வேண்டும், வெளியிலிருந்து மூக்கைப் பிடிக்கவும் வர வேண்டும். நீச்சல் கண்ணாடியோடு ஏன் இறங்கக் கூடாது என்று என் தம்பி ஒருமுறை கேட்டான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும், முகத்தை உறிஞ்சிப் பிடிக்கும். மூக்கால் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால்தான் அது தளரும். நீச்சல் கண்ணாடியில் மூக்கு வெளியே இருப்பதால் இதற்கு வழியில்லை. கண்ணில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

இப்போது முகத்தில் பொருந்துகிறதா என்று பார்ப்பது எப்படி? கடையில் மாஸ்க்கை எடுத்து, பட்டையை முன்பக்கமாகக் கண்ணாடிமேல் தூக்கிப் போட்டுவிடுங்கள். தலையை லேசாக மேலே தூக்கி, மாஸ்க்கை முகத்தில் சும்மா வையுங்கள், அழுத்தாதீர்கள். முதலில் சுற்றிலும் எங்காவது இடைவெளி தெரிகிறதா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நெற்றிப்பொட்டு, கன்ன எலும்பு, மூக்கின் அடி மூன்றையும் பார்க்க வேண்டும். அப்புறம் மூக்கால் மெல்லக் காற்றை இழுத்துத் தலையை நேராக்குங்கள். கையை எடுத்த பிறகும் மாஸ்க் விழாமல் நிற்க வேண்டும். பலமாக இழுத்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டும், அதனால் மெல்ல இழுப்பது முக்கியம். கடைசியாக ரெகுலேட்டரின் வாய்க்கட்டையையோ ஒரு ஸ்நார்கலையோ வாயில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை. வாய் திறந்திருக்கும்போது கன்னத்தின் வடிவமே மாறிவிடும். கடையில் நன்றாக இருந்த மாஸ்க் கடலில் ஒழுகுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீசையை எடுக்க வேண்டியதில்லை, கவலைப்படாதீர்கள். மூக்குக்கு நேர் கீழே சிலிக்கான் விளிம்பு உட்காரும் இடத்தில் இரண்டு நூல் அகலத்துக்கு டிரிம்மர் போட்டால் போதும். எதிரில் நின்று பார்ப்பவருக்குக்கூடத் தெரியாது. நான் ஏழு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். சிலர் வாசலின் தடவுவார்கள். அதைவிட டைவிங் கடையில் கிடைக்கும் சிலிக்கான் கிரீஸ் நல்லது. பெட்ரோலியம் கலந்தது வெட்சூட்டின் (உடம்போடு ஒட்டும் டைவிங் உடை) நியோப்ரீனையும் மற்ற ரப்பரையும் கெடுக்கும்.

உங்களுக்கு இடது பக்கம் மட்டும் ஒழுகியது என்றால் மீசையைவிட மாஸ்க்கின் அகலம்தான் காரணமாக இருக்கலாம். அல்லது வெட்சூட் தொப்பியோ முடியோ விளிம்பில் மாட்டியிருக்கும். வாடகை மாஸ்க்கில் பட்டையை இறுக்கி இறுக்கி ஒழுகலை நிறுத்தப் பார்ப்பார்கள். இறுக்கினால் விளிம்பு மடங்கி இன்னும் அதிகமாக ஒழுகும்.

அல்சூர் ஏரிக்கரை | புதன், காலை 7.40

பவர் விஷயம் மட்டும் சொல்கிறேன், எனக்கு மைனஸ் 4. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிக் கண்ணாடி வைத்த மாஸ்க்காகப் பாருங்கள். அதில் சில மாடல்களுக்கு அந்த நிறுவனமே அரை அரை பவர் வித்தியாசத்தில் லென்ஸ் செய்கிறது. பழையதைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ‘ஆப்டிகல் லென்ஸ் கிடைக்குமா’ என்று மாஸ்க் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் அந்த மாடலுக்கு வராது என்பார்கள்.

கண்ணில் சிலிண்டர் பவர் (ஆஸ்டிக்மாடிசம்) இருந்தால் ரெடிமேட் லென்ஸில் அது இருக்காது. குறைவாக இருந்தால் பெரிதாகத் தெரியாது. தண்ணீருக்கடியில் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத்தான் தெரியும். அதனால் உங்கள் பவருக்குச் சரியாகக் கிடைக்காவிட்டால் அரை குறைவாக எடுத்துக்கொள்ளலாம்.

மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டும் டைவ் செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் பயிற்சியில் மாஸ்க்கை முழுவதும் கழற்றித் திரும்ப மாட்டும் பாடம் உண்டு. அப்போது கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும் என்று பயிற்சியாளரிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். கூடுதல் ஜோடி ஒன்றைப் படகில் வைத்திருங்கள்.

ஜெயநகர் அக்கா | புதன், காலை 11.20

மனைவிக்காக எழுதுகிறேன். எனக்கு 46 வயதில்தான் ஓப்பன் வாட்டர் முடிந்தது. மகளோடு சேர்ந்து படித்தேன்.

என் முகம் சின்னது. பயிற்சி கொடுத்த இடத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு மாஸ்க்தான் வைத்திருந்தார்கள். குளத்திலேயே மூன்று நாள் கண்ணில் தண்ணீர். எனக்குத்தான் பயம், எனக்குத்தான் வராது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் ராத்திரி மகளிடம் ‘நீ மட்டும் முடி, நான் படகில் உட்கார்ந்திருக்கிறேன்’ என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள்தான் மறுநாள் அவளுடைய மாஸ்க்கை எனக்குக் கொடுத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. அதே குளம், அதே நான். அன்று மாலை மாஸ்க்கைக் கழற்றி மாட்டும் பாடத்தை இரண்டாவது முயற்சியில் முடித்தேன். தங்கை, உங்களுக்குப் பயமாக இருந்தால் முதலில் மாஸ்க்கைச் சந்தேகப்படுங்கள், உங்களைச் சந்தேகப்படாதீர்கள்.

குறுகிய முகத்துக்கு என்று தனி மாடல்கள் இருக்கின்றன. உள்ளே காற்று இடம் குறைவாக இருக்கும் மாஸ்க்கைக் கேளுங்கள். கண்ணாடி முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும், தண்ணீர் புகுந்தாலும் ஒரே மூச்சில் வெளியேற்றிவிடலாம்.

முடி நீளமாக இருந்தால் தாழப் பின்னிக்கொள்ளுங்கள். உச்சிக்கொண்டை போட்டால் பட்டை உட்காராது. சிலிக்கான் பட்டை முடியைப் பிய்க்கும். நியோப்ரீன் துணியில் பட்டைக்கு உறை கிடைக்கும், சில நூறு ரூபாய்தான், மிகப்பெரிய நிம்மதி. அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டாம். சன்ஸ்கிரீனையும் நெற்றியில் அப்பாதீர்கள், தண்ணீரோடு வழிந்து கண்ணில் இறங்கி எரியும்.

வெட்சூட் வாடகைக்கு எடுங்கள். அந்தமானில் தண்ணீர் 27லிருந்து 30 டிகிரி வரை இருக்கும், 3 மில்லிமீட்டர் போதும். ஆனால் அளவைப் போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். முதுகில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் அது தளர்வு. இரண்டாவது டைவில் பல் கிட்டும். 30 டிகிரியில் என்ன குளிர் என்று நினைக்காதீர்கள், காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை இருபது மடங்குக்கும் மேல் வேகமாக இழுத்துவிடும்.

ஒயிட்ஃபீல்டு வாசி | புதன், மாலை 6.30

அக்கா, நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ‘எனக்கும் இதேதான்’ என்றாள். ஏனென்றால் அவளும் போன வாரம் குளத்தில் முதல் வகுப்பில் அழுதுவிட்டு வந்தாள். ரொம்ப நன்றி.

இன்னும் இரண்டு சந்தேகம். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் ஒன்று விற்கிறார்களே, மீசைப் பிரச்சினையே இருக்காது போலிருக்கிறதே, அது ஆகுமா? அடுத்தது, அந்தப் பழைய ரெகுலேட்டர். ஆக்சிஜன் சிலிண்டர் எப்படியும் வாடகைக்குத்தானே தருவார்கள், ரெகுலேட்டர் மட்டும் நம்முடையதாக இருந்தால் சுத்தம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

முரல்மீன் | புதன், மாலை 7.05

கடையில் விற்கும் அந்த முழுமுக மாஸ்க் நீர்மட்டத்தில் மிதப்பதற்கு மட்டும். அதில் மூக்கைப் பிடித்துக் காதடைப்பை எடுக்க முடியாது, ரெகுலேட்டரை வாயில் வைக்கவும் முடியாது. ஆழத்துக்குப் போகவே கூடாது.

தூத்துக்குடிக்காரன் | புதன், இரவு 9.50

முதலில் ஒன்று. சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, நாம் மூச்சு விடும் இதே காற்று. வடிகட்டி, ஈரம் எடுத்து, 200 பார் அழுத்தத்துக்கு, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்குக்கு, அமுக்கி அடைத்தது. வெறும் ஆக்சிஜனோடு இறங்கினால் ஆறு மீட்டரைத் தாண்டும்போதே அது நஞ்சாக ஆரம்பிக்கும், வலிப்பு வரலாம். பெயரைச் சரியாகச் சொல்வது இங்கே முக்கியம் என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் பீனியாவில் வால்வு செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறேன். ரெகுலேட்டர் என்பது இரண்டு வால்வு. சிலிண்டர் வாயில் மாட்டும் முதல் நிலை 200 பாரை, சுற்றியிருக்கும் தண்ணீரின் அழுத்தத்தைவிட ஒன்பது பத்து பார் அதிகம் என்ற அளவுக்குக் குறைக்கிறது. வாயில் கடிக்கும் இரண்டாம் நிலை அதை நாம் இழுக்கக்கூடிய அழுத்தத்துக்குக் கொண்டுவருகிறது. அந்த வட்ட மூடிக்குள் ஒரு ரப்பர் சவ்வு, அதன் அடியில் ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். நீங்கள் மூச்சிழுத்தால் சவ்வு உள்ளே குழியும், நெம்புகோலை அமுக்கும், காற்று வரும். நிறுத்தினால் நிற்கும். 1943ல் பிரான்சில் குஸ்தோவும் காஞ்ஞானும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு, அடிப்படை இன்னும் மாறவில்லை. கெட்டுப்போனால் பெரும்பாலும் காற்று நிற்காமல் கொட்டும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் பழையது என்றாலே ஆபத்து என்று சொல்ல மாட்டேன். பராமரிப்பு இல்லாத பழையதுதான் ஆபத்து.

பக்கத்து வீட்டுக்காரரிடம் போனால் இதைப் பாருங்கள். முதல் நிலையில் சிலிண்டரோடு சேரும் வாயில் ஒரு சின்ன உலோக வடிகட்டி தெரியும், சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். செல்போன் விளக்கு அடித்துப் பாருங்கள். பளிச்சென்று இருந்தால் நல்லது. பச்சை பூத்திருந்தால் உள்ளே கடல்தண்ணீர் போயிருக்கிறது. சிவந்த துரு மாதிரித் தூள் இருந்தால் துருப்பிடித்த இரும்புச் சிலிண்டரோடு ஓட்டியிருக்கிறார்கள். இரண்டில் எது இருந்தாலும் வந்துவிடுங்கள். அடுத்தது, ஒவ்வொரு ஹோஸையும் உலோக முனைக்குப் பக்கத்தில் மடக்கிப் பாருங்கள். ரப்பரில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அந்த ஹோஸ் போச்சு. கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அல்லது 100 டைவுக்கு ஒருமுறை என்பது பொதுக் கணக்கு. சில நிறுவனங்கள் இரண்டு வருடம் தருகின்றன. டைவே செய்யாமல் பரணில் கிடந்தாலும் ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) காய்ந்துபோகும், சர்வீஸ் செய்துதான் ஆக வேண்டும். அந்த நிறுவனத்தின் உதிரிபாகம் இந்தியாவில் கிடைக்காவிட்டால் ரெகுலேட்டர் இனாமாக வந்தாலும் பயனில்லை.

பி.சி.டி.க்கு வேறு சோதனை. வாயால் ஊதி முழுவதும் நிரப்பி, ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அழுத்திப் பாருங்கள். ஊதுபொத்தானை அமுக்கி விட்டால் உடனே மேலே எழும்ப வேண்டும். பாதியில் சிக்கினால் உள்ளே உப்புக் கட்டியிருக்கிறது. கடலில் அது சிக்கினால் உங்களை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும்.

என் தாத்தா சங்கு குளித்தவர். அவரிடம் இருந்தது ஒரு கண்ணாடியும் மூச்சும்தான். கரைக்கு வந்ததும் வீட்டுக்குள் நுழையும் முன்பே அந்தக் கண்ணாடியை நல்ல தண்ணீரில் அலசி, திண்ணை நிழலில் கவிழ்த்து வைப்பார். எங்களைத் தொட விடமாட்டார். இன்றைக்கு நான் என் ரெகுலேட்டரைக் கழுவும்போது அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது.

கடல்பாசி | வியாழன், காலை 8.15

தூத்துக்குடிக்காரர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் வரிசையில் நான் வேறுபடுகிறேன். மாஸ்க்குக்கு அடுத்து வாங்க வேண்டியது டைவ் கம்ப்யூட்டர், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைத்துக் காட்டும் கைக்கருவி.

வாடகைக்கு ரெகுலேட்டர் கிடைக்கும், பி.சி.டி. கிடைக்கும். உங்கள் கையில் ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிவிட எல்லா இடத்திலும் தர மாட்டார்கள். வழிகாட்டியின் கையில் இருப்பதை நம்பித்தான் போவீர்கள். அவர் இருக்கும் ஆழமும் நீங்கள் இருக்கும் ஆழமும் ஒன்றாக இருக்காது. அவர் 14 மீட்டரில் மிதந்துகொண்டிருக்கும்போது நீங்கள் மீனைத் துரத்திக்கொண்டு 18க்குப் போயிருப்பீர்கள். உடம்பில் சேரும் நைட்ரஜன் உங்கள் ஆழத்துக்கும் நேரத்துக்கும் தான் கணக்கு. ஓப்பன் வாட்டர் முடித்தவருக்கு 18 மீட்டர் எல்லை என்று சொல்லிக்கொடுப்பார்கள். அந்த எல்லையில் நிற்கிறோமா என்று சொல்ல ஏதாவது கையில் இருக்க வேண்டாமா? மேலே வரும்போதும் அப்படித்தான், வேகமாக வந்தால் அந்த நைட்ரஜன் உடம்புக்குள் குமிழாகும். நிமிடத்துக்கு ஒன்பது பத்து மீட்டருக்கு மேல் வேகம் போனால் கத்தும். 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தத்தை எண்ணிக் காட்டும்.

சாதாரணக் கைக்கடிகார அளவில், பெரிய எண்கள் உள்ளதே போதும். பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளக்கூடியதாகப் பாருங்கள். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) வசதி பெரும்பாலும் எல்லாவற்றிலும் இருக்கிறது. வண்ணத் திரை, சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் காட்டுவது எல்லாம் பின்னால்.

முரல்மீன் | வியாழன், காலை 9.00

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் படிப்பு முடிவதற்கு முன்பு வாங்க வேண்டாம். நல்லது ஒன்று ரூ.20,000ஐத் தாண்டும், இவருக்கு இரண்டு வேண்டும். படிப்பின் நான்கு டைவிலும் பயிற்சியாளர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். பத்து டைவ் முடியட்டும், தொடர்ந்து போகப்போகிறோம் என்று தெரியட்டும்.

கடல்பாசி | வியாழன், காலை 9.25

பத்து டைவ் வரை பொறுப்பது எனக்குச் சம்மதமில்லை. சான்றிதழ் கையில் வந்த மறுநாளே வழிகாட்டியோடு வேடிக்கை டைவ் போவார்கள், அப்போது ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஐந்தாவது டைவிலிருந்து கையில் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். வாங்க முடியாவிட்டால் வாடகைக்குக் கேட்டு வாங்குங்கள், ஆளுக்கொன்று. இதில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

முரல்மீன் | வியாழன், காலை 9.40

வாடகைக்குக் கேட்டு வாங்குவது என்றால் எனக்கும் சம்மதம். முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வைத்துவிடுங்கள்.

ஜெயநகர் அக்கா | வியாழன், பகல் 1.10

ஃபின்ஸைப் பற்றி யாரும் பேசவில்லையே. குதிகாலையும் மூடும் ஷூ மாதிரியான ஃபின்ஸ் வெறுங்காலில் போடலாம், எடை குறைவு, விலையும் குறைவு. குதிகால் திறந்து பட்டை வைத்தது பூட்ஸோடு போட வேண்டும். அந்தமானில் சில இடங்களில் கரையிலிருந்தே நடந்து இறங்குவோம், கீழே கல்லும் பவளத் துண்டும். அங்கே பூட்ஸ் இல்லாமல் முடியாது. நேத்ராணி மாதிரி படகிலிருந்தே குதிப்பது என்றால் எதுவானாலும் சரி.

வாங்குவதானால் பூட்ஸை முதலில் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே ஃபின்ஸை மாட்டிப் பாருங்கள். கட்டைவிரல் முன்னால் இடிக்கக் கூடாது, காலை உதறினால் ஃபின்ஸ் தனியாக ஆடவும் கூடாது. நீளமும் விறைப்பும் அதிகமாக இருந்தால் வேகமாகப் போகலாம் என்று விற்பவர் சொல்வார். புதிதாகப் போகிறவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். எனக்குப் பிடித்தது, பதினோரு மீட்டர் ஆழத்தில். வலியைவிட, வலிக்கும்போது மூச்சு வாங்கியதில் காற்று காலியானதுதான் பயமாக இருந்தது.

மெஜஸ்டிக் பயணி | வியாழன், மாலை 5.45

எடை! விமானத்தில் உள்நாட்டுப் பெட்டிக்கு வழக்கமாக 15 கிலோதான். திறந்த ஃபின்ஸும் பூட்ஸும் சேர்ந்தாலே மூன்று நான்கு கிலோ. மாஸ்க்கையும் கம்ப்யூட்டரையும் கைப்பையில் வையுங்கள், பெட்டி வராமல் போனாலும் டைவ் நிற்காது. மாஸ்க் கூடவே வரும் கெட்டி டப்பாவை எறியாதீர்கள். டார்ச் வாங்கினால் லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும்.

உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேறத் திரும்பும் விமானத்துக்கு முன்பு இடைவெளி விடுவதையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல நாள் பல டைவ் செய்தவர்களுக்குக் குறைந்தது 18 மணி நேரம். ஹேவ்லாக்கிலிருந்து கடைசி நாள் காலையில் டைவ் முடித்து, படகு பிடித்து, மாலையே விமானம் ஏறலாம் என்று போட்டுவிடாதீர்கள். முருதேஷ்வருக்கு ராத்திரி பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு விமானம் கிடையாது. ஆனால் டைவ் முடிந்து அதே நாள் காரில் மேற்குத் தொடர்ச்சி மலை ஏறுவதும் உயரம்தான், பயிற்சியாளரிடம் எத்தனை மணி நேரம் கழித்துக் கிளம்பலாம் என்று கேளுங்கள்.

தூத்துக்குடிக்காரன் | வியாழன், இரவு 10.20

புது மாஸ்க் வாங்கியதும் செய்ய வேண்டியது. கண்ணாடியின் உட்புறத்தில், அச்சில் வார்க்கும்போது படிந்த மெல்லிய சிலிக்கான் படலம் இருக்கும். அதைப் போக்காவிட்டால் எச்சில் துப்பித் தேய்த்தாலும் மங்கிக்கொண்டே இருக்கும். வெள்ளைப் பேஸ்ட், ஜெல் கூடாது, பட்டாணி அளவு எடுத்து உட்புறம் விரலால் வட்டமாகத் தேயுங்கள். ராத்திரி விட்டுக் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். கழுவி முடித்தபின் கண்ணாடியில் விரலை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும், அதுதான் அடையாளம். மேல்பூச்சு உள்ள கண்ணாடி என்றால் பேஸ்ட் போடாதீர்கள். சிலர் லைட்டர் காட்டுவார்கள், சிலிக்கான் விளிம்பு கருகிவிடும், எனக்கு அதில் விருப்பமில்லை. டைவுக்கு முன்னால் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு போதும்.

டைவ் முடிந்தபின் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். பெங்களூரில் இங்கேதான் சிக்கல். நம் அடுக்குமாடியில் வருவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர், ஒயிட்ஃபீல்டில் கேட்கவே வேண்டாம். உப்பு போகும், ஆனால் காய்ந்ததும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், குழாயில் படிகிற அதேதான். பொத்தான்களும் ஜிப்பும் இறுகும். அதனால் கடற்கரையிலேயே நன்றாக அலசிவிட்டு, வீட்டில் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் வடிகட்டிய தண்ணீரோ காவிரித் தண்ணீரோ. ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிவாக வரும் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று இதற்கு ஊற்றாதீர்கள், அதில்தான் உப்பு இன்னும் அதிகம். நிழலில் காயவையுங்கள். வெயில் சிலிக்கானையும் நியோப்ரீனையும் தின்றுவிடும்.

ரெகுலேட்டர் என்றைக்கு வாங்கினாலும், தண்ணீரில் போடும் முன் தூசுமூடியைக் காயவைத்து, அதனால் முதல் நிலையின் வாயை மூடியிருக்க வேண்டும். ஊறும்போது இரண்டாம் நிலையின் நடுப்பொத்தானை அமுக்கக் கூடாது. அமுக்கினால் வால்வு திறந்து தண்ணீர் ஹோஸ் வழியாக உள்ளே ஏறும். அந்தப் பச்சை வடிகட்டி பலருக்கு இப்படித்தான் வருகிறது.

ஒயிட்ஃபீல்டு வாசி | ஞாயிறு, இரவு 9.10

பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் விளக்கு அடித்துப் பார்த்தேன். வடிகட்டி பச்சை. அவருக்கே தெரியவில்லை, பாவம். நான்கு வருடமாகச் சர்வீஸ் இல்லை. எனக்குக் காட்டியபிறகு, சர்வீஸ் செய்யாமல் யாருக்கும் விற்கப்போவதில்லை என்று குழுவிலிருந்தும் அறிவிப்பை எடுத்துவிட்டார்.

சனிக்கிழமை முழுக்கக் கடைகள்தான். நான் ஒன்பது மாஸ்க் வைத்துப் பார்த்தேன், மனைவி பதினொன்று. அவளுக்குப் பத்தாவதாக எடுத்தது கையை விட்டபிறகும் அப்படியே நின்றது, சிரித்தும்கூட விழவில்லை. எனக்கு இரட்டைக் கண்ணாடி மாடல், மைனஸ் 3.5 லென்ஸ் தருவித்துத் தருகிறார்கள். ஆளுக்கொரு பூட்ஸ், பட்டை உறை, ஒரு சாதாரண ஸ்நார்கல். ஃபின்ஸ் படிப்பு முடியும்வரை வாடகை. கம்ப்யூட்டர் இரண்டு, ஐந்தாவது டைவிலிருந்து வாடகைக்கு என்று எழுதிக் கேட்டுவிட்டோம். 40,000ல் பாதிகூடத் தாண்டவில்லை. மீதியில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி நான்கு டைவ் போகிறோம்.

கடல்பாசி | ஞாயிறு, இரவு 9.30

ஒரு விசிலும், ஊதினால் நிமிரும் ஆரஞ்சு நிறக் குழாய் மிதவையும் வாங்கிக்கொள்ளுங்கள், எஸ்.எம்.பி. என்று கேளுங்கள். அலை இருக்கும்போது தண்ணீருக்கு மேல் தெரியும் ஒரு தலை, படகிலிருந்து பார்த்தால் தேங்காய் அளவுகூட இருக்காது. தண்ணீருக்கடியிலிருந்து அதை விடுவதற்குப் பயிற்சி வேண்டும், இப்போதைக்கு மேலே வந்தபின் ஊதிப் பிடித்தால் போதும்.

ஒயிட்ஃபீல்டு வாசி | ஜனவரி 27, இரவு 8.00

முடித்துவிட்டோம், இருவரும். எட்டு டைவ். மீசையில் இரண்டு நூல் வழித்துக்கொண்டு போனேன், ஒரு சொட்டு வரவில்லை. முதல் முறையாக மீனின் கண்ணைப் பார்த்தேன்.

மனைவி மாஸ்க்கைக் கழற்றி மாட்டும் பாடத்தைக் கடலில், ஆறு மீட்டரில், ஒரே முயற்சியில் முடித்தாள். மேலே வந்ததும் ‘ஜெயநகர் அக்காவுக்கு எழுதுங்கள்’ என்றாள். எழுதிவிட்டேன்.

ஒரே குறை, எடை. வாடகைக்கு எடுத்த இடத்தில் தண்ணீரில் அமிழ எனக்கு 8 கிலோ ஈயம் கட்டினார்கள், அடியில் முட்டிபோட்டபடியே இருந்தேன். மூன்றாம் நாள் வேறு பயிற்சியாளர் பார்த்துவிட்டு 5 ஆக்கினார். அது ஒன்றிலேயே காற்று பத்து நிமிடம் கூடுதலாக வந்தது. எப்படி இவ்வளவு வித்தியாசம்?

முரல்மீன் | ஜனவரி 27, இரவு 8.45

மிகவும் மகிழ்ச்சி! எடை அதிகமானால் அதைச் சரிக்கட்ட பி.சி.டி.யில் காற்று ஏற்றுவீர்கள், அது உங்களைச் செங்குத்தாக நிறுத்தும், நீந்தவே பாடுபட வேண்டும், மூச்சு கூடும். 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைப்போல் மூன்று மடங்கு காற்று, வீணானால் சீக்கிரம் காலி. அடுத்தமுறை இறங்கும் முன், பி.சி.டி. காலியாக இருக்க, சாதாரண மூச்சைப் பிடித்து நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். அதற்குமேல் ஒன்றிரண்டு கிலோ மட்டும் சேருங்கள். அலுமினியச் சிலிண்டர் கடைசியில் காலியாகி மேலே இழுக்கும், 5 மீட்டரில் நிற்க அது தேவைப்படும். கட்டிய எடையை லாக் புத்தகத்தில் (டைவ் விவரங்களை எழுதும் குறிப்பேடு) குறித்துவையுங்கள்.

ஜெயநகர் அக்கா | ஜனவரி 27, இரவு 9.20

தங்கைக்கு என் அன்பு. மார்ச் இரண்டாம் வாரம் நானும் மகளும் நேத்ராணி போகிறோம், வெள்ளி ராத்திரி பஸ். படகில் இரண்டு இடம் இருக்கிறது. வருவதாக இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள், சேர்த்தே பதிவு செய்துவிடுகிறேன்.